பதிவேட்டில் இல்லாதவை

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியருக்கு 2021 முதல் ஓய்வு வயது 60. கல்வியாண்டின் நடுவில் வயது நிறைந்தாலும் மாணவர் நலன் கருதி ஆண்டு முடியும்வரை மறுநியமனம் உண்டு. அதனால் ஆண்கள் மேல்நிலைப் பள்ளிகளில் ஆண்டு இருப்புக் கணக்கெடுப்பும் பிரிவுபசாரமும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து சேரும். மேடையில் பொன்னாடைகள் குவியும். (அத்தனையையும் என்ன செய்வது என்று எந்த வீட்டுக்கும் தெரிவதில்லை.)

ஓய்வுபெறும் வேதியியல் ஆசிரியர் பீக்கர், பியூரெட், பிப்பெட்வரை எண்ணி, இருப்புப் பதிவேட்டில் கையெழுத்திட்டு ஒப்படைக்கிறார். ஒன்று குறைந்தாலும் கேள்வி வரும். ஆனால் விடியலில் பேப்பர் போட்டுவிட்டு வந்து முதல் பீரியடில் தூங்குபவன் யார், அப்பாவைக் கூட்டிவரச் சொன்னால் மறுநாளே பள்ளியை விட்டு நின்றுவிடக்கூடியவன் யார், முரடன் என்று பெயரெடுத்த எவனிடம் ஆய்வகச் சாவியையே நம்பிக் கொடுக்கலாம் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பையன்கள் தாங்களாக வாய்திறந்து சொல்லவும் மாட்டார்கள்.

வாழ்த்துரைகளில் இரண்டைக் குறைத்து, அடுத்து வருபவரோடு ஓய்வுபெறுபவரை ஒரு மணி நேரம் உட்காரவைக்கலாம். இடமாறுதல் கலந்தாய்வு முடியாமல் அடுத்தவர் யாரென்றே தெரியாத பள்ளியில், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமாவது சொல்லிவிட்டுப் போகட்டும்.