தாமே தேர்ந்த வழி

சைவாசிரியர்களே!

கற்றல், உத்தியோகம் பெறுதல், பொருளீட்டல், இல்லறம் புகுதல் என்பன உலகினர் செல்லும் வழி. அது பழிக்கத்தக்கதன்று. ஆயினும், பிறர் செல்கின்றனர் என்பதொன்றே காரணமாக ஒருவன் அதிற் செல்வானாயின், பெறுதற்கரிய மானிடப்பிறவியைத் தான் ஆளாது வாளா கழிப்பவனாவான்.

நல்லூரிலே 1822 ஆம் ஆண்டு பிறந்த ஆறுமுகநாவலரவர்கள், இளமையிலேயே யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிசன் பாடசாலையில் ஆசிரியராயினார். பேர்சிவல் பாதிரியார் அவர் புலமையை மதித்து, விவிலியத்தைத் தமிழ்ப்படுத்தும் பணியிலும் அவரைத் துணைக்கொண்டார். வேதனமும் மதிப்பும் ஒருங்கே வாய்த்த அந்நிலையை அவர் 1848 இல் விடுத்தார். அவ்வாறு விடுத்த முறையில் நாம் உணரத்தக்கன மூன்றுள.

முதலாவது, விடுத்தபின் பணியைத் தேடினாரல்லர். 1847 டிசம்பர் 31 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே பிரசங்கத்தைத் தொடங்கினார். அதன் பின்னரே உத்தியோகத்தை நீங்கினார். செய்யவேண்டுவது தெளிந்தமையால், விடவேண்டுவதும் தெளிந்தது.

இரண்டாவது, உத்தியோகத்தை விட்டாரேயன்றி, ஆங்குக் கற்ற நன்முறைகளை விட்டாரல்லர். வகுப்புப் பிரித்துக் கற்பித்தல், படிமுறையாகப் பாடநூல் அமைத்தல், அச்சிட்டுப் பரப்புதல் ஆகியவற்றைச் சைவப்பிள்ளைகளுக்கு உரியனவாக்கினார். 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார், 1849 இல் சென்னை சென்று அச்சியந்திரம் பெற்றார், பாலபாடங்களை எழுதினார்.

மூன்றாவது, தாமே தேர்ந்த வழி எளிய வழியன்று. முன்னே பிறர் வகுத்த நேரத்தில் பிறர் வகுத்த பணியைச் செய்தார். பின்னே அவருக்குக் கட்டளையிடுவார் ஒருவருமிலர். ஆயினும் 1879 இல் சிவபதமடையும்வரை ஓய்ந்தாரல்லர். பாடசாலையின் செலவுக்குப் பொருள் திரட்டுதலும், ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கி அச்சேற்றுதலும், கண்டனங்களுக்கு விடையிறுத்தலும் அவர்மேல் வீழ்ந்தன. தன்வழி நடத்தல் என்பது விதியின்றி நடத்தலன்று. கடியதொரு விதியைத் தானே மேற்கொள்ளுதலாம் என்க.

அற்றேல், யாமும் உத்தியோகத்தை விடல்வேண்டுமோ எனின், வேண்டா. நாவலரவர்கள் இல்லறம் புகாதவர். தம் துறவின் வருத்தத்தைத் தாமே தாங்கினார். மனைவி மக்களைப் பசிக்க விட்டுத் தான் புகழ்பெறுவது துறவன்று; தன் சுமையைப் பிறர்மேல் இடுதலேயாம். அன்றியும், உத்தியோகத்தை விட்டவரெல்லாம் வழி கண்டவருமல்லர்.

ஆசிரியர்களே! உங்கள் வழி நீங்கள் நிற்கும் வகுப்பிலேயே தொடங்கலாம். பரீட்சாதிகாரி வினாவாததும், வேதனம் அளவிடாததுமாகிய ஒரு பணியை மேற்கொள்ளுங்கள். எழுத்தறியாது பின்வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு மாலையில் அரைமணிநேரம் கற்பியுங்கள்; ஒருநாளும் தவறாது ஓராண்டு அதனைச் செய்யுங்கள். ஏவுவாரின்றிச் செய்த அவ்வரைமணிநேரமே நீங்கள் தேர்ந்த வாழ்வு. அது வளர்ந்து உங்களை எங்குக் கொண்டுசெல்லும் என்பது சிவபெருமான் திருவுளம்.

திருவருள் முன்னிற்க.