விற்பனைச் சாதுரியமும் வாய்மையும்

சொல்லிய சொல் ஒவ்வொன்றும் மெய்யாயிருக்க, அச்சொற்களாலே கேட்போன் உள்ளத்திற் பொய்யை நாட்டுவோன் ஒருவன் பொய்யனாவானோ, ஆகானோ? இது தருக்கநூலார் பொழுதுபோக்கிற்காக எழுப்பும் வினா அன்று. நம் யாழ்ப்பாணத்திலே லொறி வாங்கச் செல்லும் உழவன் மகனுக்கு, இவ்வினாவின் விடையிலே அவன் பரம்பரைக் காணி தங்கியிருக்கின்றது. அவனுக்குப் பிணைநிற்கும் ஆசிரியருக்குத் தம் மாத வேதனமே தங்கியிருக்கின்றது. ஆதலின் சைவாசிரியர்களாகிய நாம் இதனைச் சிறிது ஆராய்தல் தகும்.

நம் குடாநாட்டு வாழ்விலே லொறிக்குரிய இடத்தை யாவரும் அறிவர். வலிகாமத்துச் செம்மண்ணில் விளையும் வெங்காயமும் பீற்றூட்டும் வாழைக்குலையும் ஆனையிறவைக் கடந்து தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் செல்வது லொறியிலேயாம். 2009 ஆம் ஆண்டிலே போர் முடிந்து ஏ9 வீதிவழிப் போக்குவரவு மீண்டபின், சொந்த லொறி ஒன்று உடையனாதல் உழைப்பாளியாகிய இளைஞன் பலருக்குப் பெருவிருப்பாயிற்று. தவணைக் கடன் கொடுக்கும் நிறுவனங்களும் நம் நகரத்திலே பெருகின. 2020 பங்குனியிலே அந்நியச் செலாவணி முடையால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய ஐந்தாண்டுகள் கழிந்து 2025 மாசியிலேதான் வழி மீளத் திறந்தது. நெடுநாட் பசித்தவன் முன் இலை போட்டால் அவன் கறியின் குணம் பாரான். அத்தகைய காலமே விற்பனைச் சாதுரியம் என்பது தலையெடுத்து நிற்குங் காலம்.

ஓர் இளைஞன் உளன் என்க. அவன் விற்பனை நிலையம் ஒன்றிற் சென்று ஒரு புதிய லொறியின் விலை யாதென்று வினவுகின்றான். அங்குள்ளவர் விலை கூறாது, "தம்பி, நீர் மாதம் எவ்வளவு கட்டுவீர்?" என்று வினவுகின்றார். இவன் ஓர் இலட்சம் என்கின்றான். "அப்படியானால் லொறி உம்முடையதுதான், வட்டி நூற்றுக்குப் பத்துத்தான்" என்கின்றார் அவர். கணக்கிற்காக லொறியின் விலை 60 இலட்சம் ரூபா என்றும், அவன் முற்பணம் 20 இலட்சம் என்றும், மிகுதி 40 இலட்சத்தை 60 மாதங்களிற் கட்டுகின்றான் என்றுங் கொள்வோம். மாதம் ஓர் இலட்சமாக அவன் கட்டுவது 60 இலட்சம். முற்பணத்தோடு கூட்ட, 60 இலட்சத்து லொறிக்கு அவன் கொடுத்தது 80 இலட்சம். நூற்றுக்குப் பத்து என்பதும் ஒருவகையில் மெய்யே; 40 இலட்சத்திற்கு ஆண்டுக்கு 4 இலட்சமாக ஐந்தாண்டுக்கு 20 இலட்சம். ஆயினும் மாதந்தோறும் கடன் குறைந்துவர, வட்டி மாத்திரம் முதல்நாட் கடன் முழுவதன்மீதும் இறுதிவரை எண்ணப்படுகின்றது. குறைந்துவரும் கடனுக்கு முறைப்படி கணித்தால் அவ்வட்டி நூற்றுக்குப் 17 இற்கு மேலாம். பத்து என்று சொன்னவர் பொய் சொன்னாரோ? சொல்லாற் சொல்லவில்லை. இளைஞன் நம்பியதோ பொய்.

இஃது ஒன்று. மற்றொருவனிடம் 60 இலட்சம் என்று விலை கூறி, நூற்றுக்குப் 18 ஆகிய பெறுமதி சேர் வரியைக் கையெழுத்து வேளையிலே காட்டுவார்கள். அப்பொழுது விலை 70,80,000 ஆகும். பிறிதொருவனிடம் "இதே லொறியை வேறோர் ஆள் கேட்டிருக்கிறார், நாளை விலை ஏறும், இன்றைக்கே முற்பணம் வையும்" என்று அவசரப்படுத்துவார்கள். வேறொருவன் முன்னே, அவன் வாசித்தறியாத மொழியில் அச்சிட்ட பத்திரங்களை அடுக்கி, வெற்றிடங்களைப் பின்னர் நிரப்புவோம் என்று ஒப்பம் வாங்குவார்கள். அவ்வெற்றிடங்களிலே அவனுடைய வருமானம் இருமடங்காக எழுதப்படுவதும் உண்டு.

இவற்றைச் செய்வோர் தம் செய்கைக்குக் கூறும் நியாயம் மூன்று. யாம் பொய் சொல்லவில்லை என்பது ஒன்று. கேளாதது வாங்குவோன் குற்றம் என்பது ஒன்று. வியாபாரம் என்றால் இப்படித்தான், எல்லாருஞ் செய்கின்றார்கள் என்பது ஒன்று. இவற்றை முறையே நோக்குவோம்.

சொல் என்பது வாயிலிருந்து எழும் ஒலி மாத்திரமன்று. ஓரான்மா அறிந்ததைப் பிறிதோரான்மா அறிதற்கு அமைந்த வாயில் அது. அவ்வாயிலினூடே அறிவைச் செலுத்தாது அறியாமையைச் செலுத்துவோன், எந்தச் சொல்லைத் தெரிந்தெடுத்தான் என்பது பற்றித் தப்பிக்கொள்ளல் இயலாது. வினை மனம் வாக்குக் காயம் என்னும் மூன்றாலும் ஈட்டப்படும் என்பது நம் சமயத் துணிபு. வாக்கு மெய்யாயிருப்பினும், மனம் பொய்யை எண்ணி அதனை ஏவியிருப்பின், வினை மனத்தினாலேயே நிறைவேறிவிட்டது. வாக்கு அதன் ஏவலாள்.

எனில், விற்போன் தான் அறிந்த யாவற்றையுஞ் சொல்லல் வேண்டுமோ எனின், வேண்டா. தன் இலாபம் எவ்வளவென்றும், அயற்கடையில் விலை குறைவென்றும் சொல்லும் கடமை அவனுக்கில்லை. மௌனம் எல்லாம் பொய்யாகாது. பின் எம்மௌனம் பொய்யாம்? எதிரிலிருப்பவன் தான் கொள்ளும் பொருளையோ கொடுக்கும் விலையையோ பிழையாக அறிந்திருக்கின்றான் என்று தெரிந்தும், அப்பிழையினாலே தனக்கு ஊதியம் வருகின்றதென்று வாளாவிருக்கும் மௌனமே பொய்யாம். இதனை அறியும் உரைகல் எளிது. நாளை அவ்விளைஞன் யாவும் அறிந்தபின், "இஃது எனக்குத் தெரிந்ததே" என்பானோ, "என்னிடம் இதனை மறைத்துவிட்டார்கள்" என்பானோ? பின்னையதாயின் விற்றவன் பொய்யனே.

நாட்டுச் சட்டமும் இவ்வழியே செல்லுதல் கருதத்தக்கது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை அமைத்த 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பொய்ச்சொல்லை மாத்திரம் விலக்கி அமையவில்லை. வாங்குவோனைப் பிழையான எண்ணத்திற் செலுத்தும் நடத்தையையும், செலுத்தக்கூடிய நடத்தையையும் வியாபாரிக்கு விலக்கியிருக்கின்றது. சொன்னது என்ன என்பதை விட்டு, கேட்டவன் எதனை நம்பும்படி செய்யப்பட்டான் என்பதனையே அது வினவுகின்றது. 1707 இலே ஒல்லாந்தர் தொகுப்பித்த நம் தேசவழமையும், காணி விற்போன் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் முன்னறிவித்தே விற்றல் வேண்டும் என்ற பழைய வழக்கைக் கூறும். வெளிச்சத்திலே விற்பதே விற்பனை என்பது நம் முன்னோர்க்கு அந்நியமான கொள்கையன்று.

இனி, கேளாதது வாங்குவோன் குற்றம் என்பது. பெரியபுராணத்திலே மெய்ப்பொருள் நாயனாரை முத்தநாதன் எவ்வாறு வென்றான் என்பதை மாணாக்கருக்கு நாம் ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். திருநீறு பூசிய மேனியோடு வந்து, புத்தகக் கவளிகையுள்ளே படைக்கலத்தை மறைத்துவைத்து, ஆகமநூல் என்று சொல்லி அணுகினான். நாயனார் கவளிகையை அவிழ்த்துச் சோதிக்கவில்லை என்று எவரேனும் அவரைக் குற்றங் கூறுவரோ? நம்பியது அவர் பெருமை. நம்பிக்கையை ஆயுதமாக்கியது அவன் பாதகம். இன்றும் நெற்றியில் நீறும், சுவரில் நல்லூர்க் கந்தன் படமும், மேசைமேல் பத்திரக்கட்டும் உள்ள இடத்திலே, அக்கட்டினுள் ஒரு பிரிவு கத்திபோல மறைந்திருக்குமாயின், அங்கே முத்தநாதன் வீற்றிருக்கின்றான் என்பதில் ஐயமென்னை? சிவசின்னத்தை விற்பனைக்குத் துணையாக்கினமையால் அக்குற்றம் மிகுமேயன்றிக் குறையாது.

வியாபாரம் என்றால் இப்படித்தான் என்பாருக்கும் அப்புராணமே விடை தருகின்றது. பழையாறையிலே பொன்னும் மணியும் துகிலும் விற்ற வணிகர் அமர்நீதி நாயனார். அடியாராக வந்த இறைவர் ஒப்புவித்த கோவணம் காணாமற்போக, அதற்கு ஈடாகத் துலாத்தட்டிலே துகிலையும் பொன்னையும் மணியையும் இட்டார். தட்டு நேர்நில்லாமை கண்டு, மனைவியோடும் மைந்தனோடும் தாமே அத்தட்டில் ஏறினார். பிறர் பொருளை நிறுக்குந் துலாவிலே தன்னையே நிறுத்துப் பார்க்கத் துணிந்தவனே சைவ வணிகன் என்பது இதனாற் பெறப்படும். திருவள்ளுவரும் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளை வணிகருக்கென்றே வைத்து, பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுதலே வாணிகம் என்றார். தன் உடன்பிறந்தானுக்கு இவ்விதமாய் இந்த லொறியை விற்பேனோ என்று விற்போன் தன்னை ஒருமுறை வினவிக்கொள்ளுதலே அத்துலாவில் ஏறுதலாம். அவ்வாறு ஏறி நிற்கும் வணிகர் இன்றும் நம்மிடையே உளர். எல்லாருஞ் செய்கின்றார்கள் என்பது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

வாங்குவோன்பாற் குற்றம் ஒன்றுமில்லையோ எனின், ஏமாறுதல் குற்றமன்று. ஏமாற்றத்திற் பங்காளியாதல் குற்றம். தன் வருமானத்தை இருமடங்காக எழுதுகின்றார்கள் என்று அறிந்தும், கடன் கிடைத்தாற் போதும் என்று ஒப்பமிட்டவன் பொய்யன் ஒருவனோடு கூடிப் பொய்த்தவனாகின்றான். தான் பழைய லொறியை விற்கும்பொழுது ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டுவோனுக்கு, புதிய லொறி விற்றவனைத் தூற்ற வாயில்லை. கள்ளனுக்குக் கள்ளன் ஆகலாம் என்பார் சிலர். அவ்வழி நடந்தால் நாட்டிலே கள்ளன் ஒருவன் குறையான்; ஒருவன் கூடுவான். வஞ்சகனுக்கு எதிரே செய்யத்தக்கது வஞ்சகமன்று. எழுத்திலே தருக என்று கேட்டலும், ஓரிரவு பொறுத்தலும், எழுந்து வெளியே வருதலுமாம். இன்றைக்குள் முடித்தல் வேண்டும் என்று வற்புறுத்தப்படும் பேரம் நாளைய வெளிச்சத்துக்கு அஞ்சும் பேரம் என்று கொள்ளல் தவறாகாது.

ஆசிரியர்களே, இதுகாறும் கூறியதிலே நமக்குரிய பங்கு யாது? வாங்கச் சென்ற இளைஞனும் விற்க அமர்ந்த இளைஞனும் ஒருகால் நம் வகுப்பிலே ஒரே வாங்கில் இருந்தவர்களாதல் கூடும். ஒருவனுக்குக் கணக்கு விளங்கவில்லை. மற்றவனுக்கு அறம் விளங்கவில்லை. விற்போன் சம்பளம் விற்ற எண்ணிக்கையைப் பொறுத்தது. முதலாளி குறித்த தொகை அவன் கழுத்தை நெரிக்கின்றது. இவனை மாத்திரம் வைது அமைதல் நீதியாகாது. செய்தவனும் செய்வித்தவனும் உடன்பட்டவனும் வினையிற் பங்குடையர். உடன்பட்டவருள் நாமும் உளேமோ என்று நோக்குதல் வேண்டும். நம் வீடுகளிலே, பிறனை மடக்கிப் பணம் பண்ணியவனைக் குறித்து, "பெடியன் சுழியன், பிழைத்துக்கொள்வான்" என்று மெச்சுகின்றோம். அம்மெச்சுதலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் சைவநெறிப் பாடத்திலே வாய்மையைப் படிப்பித்து என்ன பயன்? நாவலரவர்கள் 1848 இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தது, எழுத்தும் ஒழுக்கமும் ஒருங்கே வளர்தற்பொருட்டன்றோ?

ஆதலின் மூன்று செயல்களை மேற்கொள்ளுவோமாக. கணித பாடத்திலே வட்டியைப் படிப்பிக்கும்பொழுது, மேலே காட்டிய லொறிக் கணக்கைக் கரும்பலகையில் இட்டு, மாதக் கட்டணத்தை மாதங்களாற் பெருக்கி, முற்பணத்தைக் கூட்டி, முழுவிலையை வினவும் வழக்கத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊட்டுதல் ஒன்று. அமர்நீதி நாயனார் சரித்திரத்தைப் பரீட்சை விடையாக மாத்திரம் விடாது, சந்தையிலும் கடையிலும் அத்துலா எங்கே நிற்கின்றது என்று வகுப்பிலே வினவுதல் ஒன்று.

மூன்றாவது நம்மைப் பற்றியது. அரச வேதனம் பெறுவோரென்று பிணைக்கு முதலில் நம்மையே தேடி வருகின்றார்கள். பழைய மாணாக்கன் வாசலில் நின்று, "சேர், ஒரு கையெழுத்துத்தான்" என்னும்பொழுது மறுக்க நாணுகின்றோம். பிணைப்பத்திரங்களிலே, கடன்பட்டவனை முதலிற் கேட்டபின்னரே பிணையாளரைக் கேட்டல் வேண்டும் என்னும் உரிமையை நாம் துறந்ததாகப் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். வாசியாமல் இடும் ஒப்பம் அன்பாகாது. வாசித்து விளங்கி, முழுத்தொகையைக் கணித்து, அவனுக்கும் விளக்கி, வெற்றிடம் ஒன்றுமின்றி இடும் ஒப்பமே அன்பாம். கணக்குத் தாங்காதெனின், "தம்பி, இப்பொழுது வேண்டாம்" என்று சொல்லுதல் அதனினும் பெரிய அன்பாம். அன்று அவன் முகஞ் சுளிப்பான். லொறியும் காணியும் ஒருங்கே போகும் ஒரு நாள் அவனுக்கு வாராதொழியும்.

சொல்லும் பொருளும் பிரியாமல் நிற்பதுபோல, நம் சொல்லும் நம் உள்ளமும் பிரியாமல் நிற்க இறைவன் திருவருள் புரிக.