விதைக்காத செடி

ஐப்பசி மழை இரண்டு முறை நன்றாகப் பெய்துவிட்டால் போதும். திருவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நான் விதைக்காதவை எல்லாம் முளைத்துவிடும். துளசி, காசித்தும்பை, அந்திமந்தாரை, இவற்றினிடையே பெயர் தெரியாத பூண்டுகள், எல்லாவற்றிலும் மிகுதியாக நித்தியகல்யாணி. முதல் வாரத்தில் இது இன்னது என்று பிரித்தறிவது கடினம். பெரும்பாலானவை இரண்டு வித்திலைகளை விரித்து ஒன்றுபோலவே நிற்கும். நான்காவது இலை வந்த பிறகே முகம் தெரியும். ஆனால் கையில் களைக்கொத்தி வைத்திருப்பவன் நான்காவது இலை வரை பொறுத்திருப்பதில்லை.

நித்தியகல்யாணிக்கு நம்மிடையே இன்னொரு பெயர் உண்டு: சுடுகாட்டு மல்லி. நீரின்றியும் உரமின்றியும் கல்லிடுக்கில் வாழும். ஆடு மாடுகள் அதன் கசப்பை அறிந்து வாய் வைப்பதில்லை. ஆகவே கவனிப்பாரற்ற இடங்களில் அது நிலைத்துவிடுகிறது. கல்லறைத் தோட்டத்தைக் காட்டிலும் கவனிப்பாரற்ற இடம் நமக்கு வேறேது? ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பர் 2ஆம் நாளுக்கு முன்பாக மட்டும் அங்கே மண்வெட்டியோடு செல்கிறோம். என் சிறுவயதில் தாத்தாவின் கல்லறையைச் சுற்றி முளைத்திருக்கும் அச்செடிகளைப் பிடுங்குவது என் பொறுப்பு. அழகாயிருக்கிறதே என்று வேரோடு ஒன்றை வீட்டிற்குக் கொண்டுவந்தபோது அம்மா வாசற்படியிலேயே தடுத்துவிட்டார். "கல்லறைச் செடியை வீட்டில் வைப்பார்களா? தூரப் போட்டுவிட்டுக் கையைக் கழுவு" என்றார். இறந்தோருக்காக நாள்தோறும் செபமாலை சொல்லிய அம்மா அவர். அவர்கள்மேல் வளர்ந்த செடியை மட்டும் அவரால் ஏற்க இயலவில்லை.

அச்செடியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. பூ உதிர்ந்தபின் இரட்டைக் காய்கள் நீண்டு, காய்ந்து, வெடித்துக் கறுத்த சிறு விதைகளைச் சிந்தும். மண் மூடிய இருளில்தான் அவை நன்கு முளைக்கும். மேலைநாட்டுத் தோட்டங்களில் ஃபாக்ஸ்குளோவ் என்றொரு செடி இவ்வாறே தன்னைத் தானே விதைத்துக்கொள்கிறது. முதலாண்டில் இலையை மட்டும் காட்டும். மறு ஆண்டில் பூத்து, விதையைச் சிந்தி மடியும். முதலாண்டு இலையைக் களையென எண்ணிப் பிடுங்கியவர் பூவைக் காணமாட்டார். அதன் இலை நஞ்சு. எனினும் 1775ஆம் ஆண்டில் ஒரு மூதாட்டி மறைவாய்க் காத்துவந்த கைமருந்து வில்லியம் விதரிங் என்னும் ஆங்கிலேய மருத்துவரின் பார்வைக்கு வந்தது. அதனுள் இருந்த பல மூலிகைகளில் வேலை செய்தது இச்செடியே என்று கண்ட அவர், பத்தாண்டுகள் ஆய்ந்து 1785இல் நூலாக வெளியிட்டார். இதய நோய்க்கான டிஜிட்டாலிஸ் மருத்துவ நூல்களில் இடம்பெற்றது இவ்வாறுதான்.

நம் சுடுகாட்டு மல்லியின் கதையும் ஏறக்குறைய இதுவே. ஜமைக்காவில் இதன் இலைச்சாற்றை நீரிழிவுக்குக் குடித்து வந்தனர். 1952இல் அவ்விலைகளில் சில கனடா நாட்டு ஆய்வாளர் இராபர்ட் நோபிளின் கைக்கு வந்தன. அவரும் சார்லஸ் பியரும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்தன. தேடியது கிடைக்காத இடத்தில் தேடாதது கிடைத்தது. அவர்கள் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டினும், அமெரிக்காவில் வேறொரு குழுவினர் கண்டறிந்து 1963இல் ஒப்புதல் பெற்ற வின்கிரிஸ்டினும் புற்றுநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றின. ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். அதனால்தான் நம் தென் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் உழவர்கள் இதைப் பயிரிட்டு விற்கத் தொடங்கினர். விலை வந்ததும் களை பயிராயிற்று.

இவற்றையெல்லாம் நான் நூல்களில் தேடிப் படிக்கக் காரணம் உண்டு. இராஜபாளையத்தில் வாழும் என் தங்கையின் மகனுக்கு ஆறு வயதில் இரத்தப் புற்றுநோய் கண்டது. மதுரையில் மருத்துவமனை வாசம். ஒருநாள் நரம்பில் ஏறும் மருந்தைக் காட்டி, "இது உங்கள் ஊர் நித்தியகல்யாணியிலிருந்து வருவது" என்றார் மருத்துவர். உடனே யாரோ ஓர் உறவினர், இலையைக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் என்ன என்று கேட்க, மருத்துவர் கடுமையாகத் தடுத்தார். அது நஞ்சு, அளவறிந்த கையில் மட்டுமே மருந்து.

சிறுவன் பிழைத்தான். தங்கை வீட்டு வாசலில் இன்று வரிசையாக ஏழு தொட்டிகள். எல்லாவற்றிலும் அதே செடி. "அண்ணா, இதைப் போயா நாம் பிடுங்கி எறிந்தோம்!" என்று என்னைக் காணும்போதெல்லாம் சொல்கிறாள். சொல்லிக்கொண்டே தொட்டியில் தானாய் முளைத்த வேறொரு பூண்டைக் கிள்ளி எறிகிறாள்.

அந்தக் கிள்ளல்தான் என்னை உறுத்துகிறது. ஒரு செடியின் பயனை அறிந்தபின் அதற்கு இடம் தருவது நன்றியுணர்வு, அதில் குறையில்லை. ஆனால் பயன்தான் வாழும் உரிமையைத் தருகிறதென்றால், 1952க்கு முன் அதைப் பிடுங்கியவர் எவரும் தவறு செய்யவில்லை. நாளைக்குப் பயன் தெரியப்போவதை இன்று பிடுங்குபவரும் தவறு செய்யவில்லை. அப்படியானால் நம் அறியாமையே நமக்குக் குற்றமன்று என்று சான்றிதழ் எழுதித் தருகிறது. மனிதரிடமும் நாம் இப்படித்தானே நடந்துகொள்கிறோம்? வேண்டாத பிள்ளை என்று ஒதுக்கப்பட்டவன் பட்டம் பெற்று வந்தபின் "நம் பிள்ளை" என்கிறோம். பட்டம் பெறாதவனைப் பற்றிப் பேச்சே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதுரையில் அடுத்த கட்டிலில் இருந்த சிறுமிக்கும் அதே மருந்துதான் ஏறியது. அவள் பிழைக்கவில்லை. அவள் தாயிடம் போய் இந்தச் செடியின் பெருமையைச் சொல்ல எனக்கு நா எழாது.

அப்படியென்றால் எதையுமே பிடுங்கக்கூடாதா என்று அன்பர்கள் கேட்கலாம். பிடுங்கத்தான் வேண்டும். பார்த்தீனியம் பூப்பதற்கு முன் அதை வேரோடு எடுக்காதவர் அண்டை வீட்டாருக்கும் தோலரிப்பைத் தருகிறார். மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் கோதுமையோடு களையையும் அறுவடைவரை விட்டுவைக்கச் சொல்கிறார் நிலத்தலைவர். இராஜபாளையத்துப் பக்கம் நெல் நடும் உழவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். களை எடுக்காமல் நெல் ஏது? அந்தத் தலைவர் களையைப் புகழவில்லை என்பதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. பிடுங்கும்போது கோதுமையும் சேர்ந்து வந்துவிடும் என்றுதான் அஞ்சுகிறார். அவருடைய ஐயம் களையின் மீதன்று, பணியாளரின் கண் மீதும் கை மீதும்.

எங்கள் ஊருக்கு இது புதிதன்று. நந்தவனம் வைத்த பெரியாழ்வார் துளசிச் செடியின் அடியில் ஒரு பெண் மகவைக் கண்டெடுத்தார் என்பது இவ்வூர் மரபு. அந்த நந்தவனத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: அக்குழந்தை யாருடையது, வளர்ந்து என்னவாகும் என்று அறியாமலேயே அவர் அதைத் தூக்கினார். ஆண்டாள் என்று பின்னால் தெரிந்துகொண்டு தூக்கியிருந்தால் அது வேறு கதை.

இப்போது நான் நான்காவது இலைக்காகக் காத்திருக்கிறேன். நெருக்கமாய் முளைத்தவற்றைக் கலைத்தாக வேண்டும்; சில போகத்தான் செய்யும். எது இருக்கவேண்டும், எது போகவேண்டும் என்று தீர்ப்பிடுகையில் முன்பிருந்த துணிவு வருவதில்லை. கொல்லை அலங்கோலமாய் இருப்பதாக வீட்டில் குறை சொல்கிறார்கள். அது உண்மையே.

சென்ற கல்லறைத் திருநாளுக்கு முந்திய மாலையில் அம்மாவின் கல்லறையைத் துப்புரவு செய்யச் சென்றிருந்தேன். சிமெண்டுப் பூச்சு வெடித்த இடத்திலெல்லாம் நித்தியகல்யாணி. வெள்ளையும் இளஞ்சிவப்புமாய்ப் பூத்திருந்தது. அம்மாவின் பெயரை மறைத்து நின்ற இரண்டை மட்டும் பிடுங்கினேன். மெழுகுவர்த்தி வைக்கக் கொஞ்சம் இடம் ஒதுக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து கையைக் கழுவினேன்.