தந்தையே ஆசானாகுங்கால்

பிள்ளையை வித்தியாசாலைக்கு அனுப்பாது இல்லத்தின்கண் வைத்துத் தந்தையே எல்லாப் பாடங்களையும் கற்பித்தல் தக்கதோ தகாததோ என்னும் வினா ஆராயற்பாலது. இதனை வெறுஞ் சொற்போராக்காது, நன்கறியப்பட்ட ஒருவருடைய சரித்திரத்தை முன்வைத்து நோக்குதல் ஆசிரியராகிய நமக்குப் பயன்படும். ஆங்கிலநாட்டுத் தத்துவநூலாராகிய யோன் ஸ்ரூவாட் மில் என்பார் தாம் கற்ற வகையைச் சுயசரிதத்தில் விரித்தெழுதினர். அந்நூல் அவர் இறந்த 1873ஆம் ஆண்டில் வெளிவந்தது.

யோன் 1806இல் இலண்டனிற் பிறந்தவர். தந்தையார் யேம்ஸ் மில் அக்காலத்திற் பிரித்தானிய இந்திய சரித்திரத்தை எழுதிக்கொண்டிருந்தார். (இந்தியாவை ஒருநாளேனும் கண்ணாற் காணாதவர் அதன் சரித்திரத்தை எழுதினாரென்பதை நம்மவர் மறத்தலாகாது, அது நிற்க.) மைந்தனுக்கு மூன்றாம் வயதிற் கிரேக்கமும் எட்டாம் வயதில் இலத்தீனும் தொடங்கப்பட்டன. காலையுணவுக்கு முன் இருவரும் பசும்புல் அடர்ந்த ஒழுங்கைகளில் உலாவச் செல்வர். முன்னாளில் வாசித்த சரித்திரத்திலிருந்து கடதாசித் துண்டுகளிற் குறித்தவற்றைப் பார்த்து, மைந்தன் கதை சொல்லிக்கொண்டே நடப்பான். பின்பு தந்தையார் எழுதும் மேசையிலேயே அமர்ந்து கிரேக்கம் படிப்பான். மாலையிற் கணிதம், அது அவனுக்குக் கசப்பாயிருந்தது.

அக்காலத்திற் கிரேக்கச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் அன்றி இலத்தீனிற் பொருள் கூறும் அகராதிகளே வழங்கின. சிறுவனோ இலத்தீன் அறியான். ஆகவே அறியாத சொல் ஒவ்வொன்றையும் தந்தையாரையே வினவினான். இயல்பிற் பொறுமை மிகக் குறைந்தவரென மகனாலேயே சொல்லப்படும் அவர், இத்தடையையெல்லாம் சகித்துக்கொண்டே தம் பெருநூலைப் பல பாகங்களாக எழுதி முடித்தனர். இச்செயலை நாம் வியவாதிருத்தல் இயலாது. நாற்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இங்ஙனம் விடையளித்தல் எவ்வாசிரியர்க்கும் எளிதன்று. இன்னும், சிந்தித்தறியக்கூடிய எதனையும் சிறுவன் முயன்று இளைத்தபின்னன்றி அவர் எடுத்துரையார். பதின்மூன்றாம் வயதிற் பொருளாதார நூலை உலாவும்பொழுது ஒவ்வொரு பகுதியாக விளக்குவார். மறுநாள் அதனை எழுதிக் காட்டல்வேண்டும். தெளிவு பிறக்குமட்டும் திரும்பத் திரும்ப எழுதல்வேண்டும்.

பல பாடங்களைத் திணித்தமையாற் கேடு விளைந்தது என்பாரை நாம் உடன்படோம். இளமையிற் கற்பிக்கத்தக்கது உலகர் எண்ணுவதினும் மிகுதியென்று தம் கல்வி காட்டிற்றென யோனே எழுதினர். ஆயினும் இயலாதவற்றையும் தந்தையார் கேட்டனர். ஏழாம் வயதிற் பிளேற்றோவின் தியேற்றேற்றசு படிப்பிக்கப்பட்டது. அதனை விளங்குதல் அச்சிறுவனால் முற்றும் இயலாததாயிருந்தது. விடுமுறை நாளென்பது இல்லை. பிற சிறுவரோடு பழக்கமும் இல்லை. 1812இல் யேம்ஸ் தம் நண்பர் பெந்தாமுக்கு எழுதிய திருமுகத்தில், நம் இருவர்க்கும் ஏற்ற வாரிசாக இவனை விட்டுச்செல்லலாம் என்னுங் கருத்தைக் குறித்தனர். பிள்ளையின் ஒவ்வொரு நாழிகையும் இவ்வாறு பிறருடைய நோக்கமொன்றுக்கு முன்னரே ஈடு வைக்கப்பட்டது.

1826இல், இருபதாம் வயதில், யோனுடைய உள்ளம் இருண்டது. தாம் விரும்பிய சீர்திருத்தங்கள் யாவும் நிறைவேறினும் மகிழ்ச்சி உண்டாகுமோவெனத் தம்மைத்தாமே வினவி, இல்லையெனக் கண்டனர். அத்துன்பத்தை எவரிடம் உரைப்பது? தந்தையாரோ உதவி நாடிச் செல்லத்தக்கவருள் இறுதியானவராய்த் தோன்றினர். தாம் அரும்பாடுபட்டு அளித்த கல்வி பழுதாயிற்றென்று அவர் வருந்துதலன்றி வேறு பயனில்லையென மைந்தர் கருதினர்.

குற்றம் இங்கேயே உளதென்பது நம் துணிபு. வித்தியாசாலையில் ஆசிரியரால் கடியப்பட்ட பிள்ளைக்கு வீடு உண்டு. வீட்டிற் கடியப்பட்ட பிள்ளைக்கு ஆசிரியருண்டு. ஒருவரே தந்தையும், ஆசானும், பரீட்சகரும், உலாவுந் தோழருமாகியவிடத்து அப்பிள்ளைக்கு முறையிட ஓரிடமுமில்லை. இக்குறை பாடசாலைக்குச் செல்லாத பிள்ளைக்கே உரியதென்றெண்ணல் தவறு. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்காகப் பகலிற் பாடசாலை, பின்னேரம் தனியார் வகுப்பு, இரவில் தாய்தந்தையர் வைக்கும் மாதிரி வினாத்தாள் என அலையும் நம்மூர்ப் பிள்ளை எந்த வாயிலைத் திறந்தாலும் அங்கே ஓராசிரியரே இருக்கின்றார். அதன் மேலும், பிழைகளைப் பெற்றோரே திருத்தி ஒப்பமிட்டு அனுப்புகவென்று வீட்டுவேலை கொடுத்தல் எஞ்சிய ஒரு வாயிலையும் அடைப்பதாகும்.

யேம்ஸ் மில்லுக்குப் பிள்ளைகள் ஒன்பதின்மர். இளையோர் தந்தையாரை மிக நேசித்தனரென்றும், தம்மைக் குறித்து அத்துணை சொல்லல் இயலாதாயினும் தாம் என்றும் அவர்பால் விசுவாசம் உடையராயிருந்தனரென்றும் யோன் எழுதுகின்றார். அவ்விளையோர்க்குப் பாடஞ் சொல்லும் வேலை தமையனாராகிய யோனிடமே பெரிதும் விடப்பட்டிருந்தது.