குளத்திற்குள் புகுந்த மிகுபொருள்



கழுகுமலையில் பாறையில் திகழும் பார்சுவநாதரையும் பாகுபலியையும் இயக்கி அம்பிகையையும் வணங்கிவிட்டு, மேற்கு நோக்கிச் சென்ற நாம், வாசுதேவநல்லூரை அடுத்த ஒரு குளக்கரையில் சற்றே இளைப்பாறினோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் அது. நெல்லும் கரும்பும் எலுமிச்சையும் செழிக்கும் மண். மலையோடைகள் ஒரு குளத்தை நிரப்பி, அதன் மறுகால் வழியே அடுத்த குளத்தை நிரப்பிச் செல்லும் முன்னோர் வகுத்த முறை இன்றும் அங்கு நிலைத்துள்ளது.

உடன் வந்த மூதாட்டியார் ஒருவர், தம் வழக்கப்படி வெண்துணியை மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீரை வடிகட்டினார். துணியின்மேல் பச்சைக் குழம்பு படிந்தது. கரையில் நின்ற உழவர் ஒருவர், “அதக் குடிச்சிராதீங்கம்மா. விடியக்காலம் வந்து பாருங்க, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்கும்” என்றார்.

அம்மையார் நம்மை நோக்கி, “வடிகட்டிய துணியில் தங்கும் சிற்றுயிர்களை, எடுத்த நீரிலேயே திரும்ப விடவேண்டும் என்று என் மாமியார் கற்பித்தார். இந்த நீரில் விட்டால் அவை பிழைக்குமா?” என்று வினவினார். அவ்வினா நம் நெஞ்சைத் தைத்தது. அதற்குரிய விடையை இங்கு ஆராய்வோம்.

அக்குளம் அவ்வாறு ஆவதற்கு நஞ்சு வேண்டுவதில்லை; உணவே போதும். பயிரை வளர்க்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரில் சேர்ந்தால் பாசியையும் வளர்க்கும். மிகையாகச் சேர்ந்தால் பாசி குளத்தின் மேற்பரப்பையே மூடும். கதிரொளி கீழே செல்லாது. பாசி மடிந்து அடியில் படிய, அதனை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள உயிர்வளியை உண்டுவிடும். பகலில் உயிர்வளியை வெளியிடும் பாசியே இரவில் அதனை உட்கொள்ளும். ஆதலின் வைகறையில் அது மிகக் குறைந்து, மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கின்றன. நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் கால்நடைகளையும் மாந்தரையும் தாக்கும் நச்சுப்பொருளையும் உண்டாக்குவன.

1973ஆம் ஆண்டு கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில், டேவிட் ஷிண்ட்லர் என்னும் அறிஞரின் குழுவினர் ஒரு சிற்றேரியை நடுவே திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். ஒரு பகுதியில் கரிமச்சத்தும் தழைச்சத்தும் இட்டனர். மறு பகுதியில் அவற்றுடன் மணிச்சத்தையும் சேர்த்தனர். மணிச்சத்துச் சேர்ந்த பகுதி பச்சைப் போர்வை போர்த்தது; மற்றது தெளிவாகவே இருந்தது. சிறிதளவு மணிச்சத்து ஓர் ஏரியின் இயல்பையே மாற்றவல்லது என்பதை உலகு அன்று கண்கூடாகக் கண்டது.

தொலைவில் தேட வேண்டா. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலொடு கலக்கும் தாமிரபரணி, வற்றாத நதி எனப் போற்றப்படுவது. அந்நதியிலும் நகரக் கழிவுநீர் கலக்கிறது, ஆகாயத்தாமரை படர்கிறது. 2024ஆம் ஆண்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதியரசர்களே நேரில் வந்து அதன் நிலையைப் பார்வையிட நேர்ந்தது. 1820களில் உதகையில் அமைக்கப்பட்ட அழகிய ஏரியும் நகரக் கழிவுநீரால் இதே துன்பத்தை அடைந்தது. பெங்களூரின் அல்சூர் ஏரியில் 2016ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன.

அன்பர்களே! இல்லறத்தார்க்கு உரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் முதலாவது கொல்லாமை. இறுதியாவது மிகுபொருள் விரும்பாமை. இவ்விரண்டும் தொலைவில் நிற்கும் இரு விரதங்கள் என்று நாம் எண்ணியிருந்தோம். அன்று அக்குளம் அவை இரண்டும் ஒன்றே என்று நமக்கு உணர்த்தியது. உண்பிக்கும் பொருளே அளவு கடந்தால் கொல்லும் பொருளாகிறது. கொல்லாமை விரதத்திற்கு ஆகும் குற்றங்களுள் அளவிறந்த பாரம் ஏற்றுதலும் ஒன்று எனச் சான்றோர் வகுத்தனர். எருதின் முதுகில் ஏற்றும் பாரம் கண்ணுக்குத் தெரிகிறது. குளத்தின்மேல் ஏற்றும் பாரம் தெரிவதில்லை.

“நாம் உழவர் குடியினர், உரமின்றி விளையுமோ?” என்று கேட்பீர்கள். முறையான கேள்வியே. இல்லறத்தார்க்கு உழவில் நேரும் தொழில் இம்சை முற்றும் விலக்க இயலாதது என்பதை நம் அறநூல்கள் ஒப்புகின்றன. ஆனால் எண்ணிப் பாருங்கள். யூரியாவில் 100க்கு 46 பங்கு தழைச்சத்து. நெல்வயலில் இடுவதில் பாதிக்கும் குறைவானதையே பெரும்பாலும் பயிர் ஏற்கிறது. எஞ்சியது காற்றிலும் நிலத்தடி நீரிலும் வாய்க்காலிலும் சேர்கிறது. பயிர் வேண்டும் அளவு தொழிலுக்கு உரியது. அடுத்த வயலைப் பார்த்துப் போட்டியில் கொட்டும் மிகை மூட்டையோ நெல்மணியாவதில்லை. பயனின்றிச் செய்யும் தீங்காகிய அனர்த்ததண்டமே ஆகிறது. காசும் போகிறது, வினையும் சேர்கிறது.

“பாசியும் உயிர்தானே? பாசி பெருகினால் உயிர் பெருகியதாகாதோ?” என்று இளைஞர் சிலர் கேட்கலாம். நாம் இட்ட மிகையால் கோடிக்கணக்கில் தோன்றி, நாம் இட்ட மிகையாலேயே கோடிக்கணக்கில் மடிந்து, தம்முடன் மீனையும் நத்தையையும் மூச்சடக்கி மாய்க்கும் பெருக்கத்தை வளம் என்று எவ்வாறு சொல்வது? அப்பிறப்பிற்கும் இறப்பிற்கும் நாமே ஏதுவாகிறோம். அறியாது செய்தோம் என்னும் ஆறுதலும் இனி இல்லை. அறிந்த பின்னும் பேணாதிருக்கும் மடியே இம்சைக்கு வாயில்.

மாற்று வழி நம் நாட்டிலேயே உண்டு. நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தில் ஊர்மக்கள் நெடுங்காலமாக வலசைப் பறவைகளைத் தம் வீட்டுப் பிள்ளைகளைப்போல் காத்து வருகின்றனர். பறவைகளின் எச்சம் கலந்த வண்டலைக் கோடையில் அள்ளி வயலுக்கு உரமாக இடுகின்றனர். குளத்தில் சேர்ந்த சத்து வயலுக்கே மீள்கிறது. ராம்சர் சாசனத்தின்கீழ் அமைந்த உலக ஈரநிலப் பட்டியலில் அக்குளம் சேர்ந்த செய்தி 2022ஆம் ஆண்டு வெளியாயிற்று. கொடுக்கவும் திரும்பப் பெறவும் அறிந்த வாழ்வு அது. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணை என்னும் நம் கோட்பாட்டை அவ்வூரார் செயலில் காட்டுகின்றனர்.

ஆதலின் நம் குடும்பங்கள் வரும் தசலட்சண நாள்களில் சில நியமங்களை ஏற்குமாறு வேண்டுகிறோம். மண்ணை ஆய்வு செய்து, வேண்டும் அளவே உரமிடுவோம். அதனையும் ஒரே நாளில் கொட்டாது பகுத்து இடுவோம். மழை சூழ்ந்த நாளில் தவிர்ப்போம். வாய்க்காலின் கரையில் இரண்டு முழ அகலமேனும் புல்லும் செடியும் விட்டு வைப்போம். அவை வழிந்தோடும் சத்தைத் தடுத்து நிறுத்தும். குளத்தினுள் சோப்புத் தூள் கொண்டு துணி வெளுப்பதை விடுவோம். வீட்டுக் கழிவுநீரை ஓடையில் விடாது, உறிஞ்சுகுழிக்கோ வாழைப்பாத்திக்கோ திருப்புவோம்.

இன்னும் ஒன்று, தயக்கத்துடன் சொல்கிறோம். அருகன் திருமேனியில் ஆட்டிய பாலும் இளநீரும் சந்தனமும், சாற்றிய மலரும் சில ஊர்களில் திருக்குளத்திலேயே சென்று சேர்கின்றன. பக்தி குறைந்து இதனைச் சொல்லவில்லை. அவற்றை நந்தவனத்து வேர்களுக்கு விடுவோமாயின் அடுத்த பூசைக்கு மலராக மீளும். குளத்தில் விட்டால் அங்குள்ள உயிர்களின் மூச்சை அடைக்கும். உத்தம சௌசம் என்பது நீராடுவதால் வரும் தூய்மை அன்று, பேராசை நீங்குவதால் வரும் தூய்மை என்றே சான்றோர் உரைத்தனர். அத்தூய்மை நம்பால் வந்தால் நீரும் தூய்மை பெறும்.

அன்று அம்மூதாட்டியார் துணியை உதறிவிடவில்லை. கரையில் குனிந்து அதே நீரில் மெல்ல அலசினார், வெறுங்குடத்துடன் வண்டியேறினார். அவர் வினாவிற்கு அன்று நம்மால் விடை கூற இயலவில்லை. துணியினால் நீரை வடிகட்டும் நாம், நீரைச் சேரும் நம் வாழ்வையும் வடிகட்டினால், “பிழைக்கும், தாயே” என்று அவரிடம் ஒருநாள் சொல்லலாம்.

திருவறம் வளர்க!