நடையும் கூழும்

என் பாட்டி எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தாள். திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். விடியுமுன் ஊருணிக்கு நடை. வெயில் ஏறினால் காட்டுக்கு நடை. அந்தியில் தலையில் விறகுச் சுமையோடு வீட்டுக்கு நடை. ஆகாரம், முந்தின நாள் காய்ச்சிப் புளித்த கம்மங்கூழ், கடித்துக்கொள்ள வெங்காயம். “அவளைப் போல் நடந்து, அவளைப் போல் கூழ் குடித்தால் ரத்தக் கொதிப்பு எங்கிருந்து வரும்?” என்று போகிற இடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுத்தாளன் கேட்டால் நாலு பேர் தலையாட்டத்தான் செய்வார்கள். தலையாட்டியதோடு நிற்காமல், அதன்படியே செய்தும் பார்த்தார் ஒருவர். அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டுகிற என் சிநேகிதர்.

ஆறு மாதம் கழித்துத் தெருவில் எதிர்ப்பட்டார். “அண்ணாச்சி, நீங்க சொன்ன மாதிரி கூழுதான் குடிக்கேன், காலையில நடக்கேன். மாத்திரையை நிப்பாட்டிட்டேன்” என்றார், பரீட்சையில் தேறிய பையனைப் போல. நானும் தோளில் தட்டிக் கொடுத்தேன். அந்த ஐப்பசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது.

நான் சொன்னது பொய்யா? முழுப் பொய்யாக இருந்திருந்தால் என் மனசு இவ்வளவு வேதனைப்பட்டிராது.

நடக்கும்போது ரத்தம் வேகமாக ஓடுகிறது. அப்போது குழாய்களின் உட்சுவர் ஒரு வாயுவைச் சுரந்து அவற்றைத் தளர்த்துகிறது. நாள்தோறும் பழகினால் அந்தத் தளர்ச்சி நிலைக்கிறது. வயிற்றின் கதை இன்னும் விசித்திரம். கம்பிலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள நாரை நம்மால் ஜீரணிக்க முடியாது. பெருங்குடலில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் அதைத் தின்று சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அவை ரத்தத்தில் கலந்து குழாய்களைத் தளரச் செய்கின்றன என்று எலிகளில் கண்டிருக்கிறார்கள். அதிக உப்பைக் கொடுத்தால், தயிரைப் புளிக்க வைக்கும் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் எலியின் குடலில் குறைந்துபோவதும், ரத்த அழுத்தம் ஏறுவதும் 1917-இல் அல்ல, நேற்றுப் போல 2017-இல்தான் தெரியவந்தது. மனித உடம்பில் இந்தக் கணக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

ஆக, நடையும் கூழும் நல்லவைதாம். ஆனால் எவ்வளவு நல்லவை? ரத்தக் கொதிப்புக்காரர் ஒழுங்காக நடந்தால் மேல் அளவு சுமார் 5 முதல் 8 வரை இறங்கலாம். என் சிநேகிதருக்கு இருந்ததோ 170. எட்டைக் கழித்தால் 162. அளவு 140-க்கு மேல் நிலைத்தாலே வியாதி என்கிறார்கள். இந்தக் கழித்தல் கணக்கை அவருக்கு நான் போட்டுக் காட்டவில்லை.

இன்னும் சிலவற்றையும் சொல்லாமல் விட்டேன். பாட்டிக்கு ரத்த அழுத்தத்தை யாரும் அளந்து பார்த்ததே இல்லை. வலியில்லாமல் வருகிற வியாதி அது. அளக்காத வரை எல்லோருமே ஆரோக்கியசாலிகள். அவளோடு பிறந்த ஆறு பேரில் நாலு பேர் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். அவர்களும் அதே கூழைத்தான் குடித்தார்கள்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. பாட்டி ஆரோக்கியத்துக்காக நடக்கவில்லை. வீட்டில் தண்ணீர் இல்லாததால் நடந்தாள். நெல்லுச் சோறு கிடைக்காததால் கூழ் குடித்தாள். கிடைத்த தீபாவளியன்று அவள் கம்பைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. வறுமை அவள்மேல் சுமத்தியதை நான் அவளுடைய ஒழுக்கமாக்கினேன். அப்படி ஆக்கிய கையோடு, வியாதிக்காரனின் வியாதியை அவனுடைய ஒழுக்கக் கேடாக்கியும் விட்டேன். என் சிநேகிதர் மாத்திரையை நிறுத்தியது அறியாமையால் அல்ல, வெட்கத்தால். மாத்திரை தின்பதைத் தோல்வி என்று அவர் நினைக்கும்படி செய்தவன் நான்.

வாரத்துக்கு 150 நிமிஷமாவது நடக்க வேண்டும், நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நல்ல யோசனை. நாற்காலியில் உட்கார்ந்து எழுதிப் பிழைக்கிற எனக்கு அது கடமை. தட்டினால் குற்றம் என்னுடையது. பன்னிரண்டு மணி நேரம் தறிச் சத்தத்தில் கால் கடுக்க நின்றுவிட்டு வருகிறவருக்கும் அதே குற்றப் பத்திரிகையைப் படிக்கலாமா? எங்கே தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் இருக்கிறதோ அங்கேதான் ஒழுக்கம் என்ற பேச்சுக்கே இடம். மற்ற இடத்தில் உபதேசத்தைவிட ஓய்வு நேரமும், மலிவான கீரையும், தவறாத மாத்திரையும்தான் தர்மம். 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வருகிற அம்மாள் யாரையும் பாட்டியோடு ஒப்பிட்டுப் பேசுவதில்லை. அளவு பார்த்து, மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

இப்போது நானும் மாத்திரை சாப்பிடுகிறேன். என் அளவும் ஏறித்தான் இருந்தது. சாயங்காலங்களில் சிநேகிதர் வீட்டுக்குப் போவேன். இடது கையை என் தோளில் போட்டுக்கொண்டு தெரு முனை வரை நடப்பார். போன வாரம் பாதி வழியில் நின்று, “காலையில மாத்திரை போட்டீகளா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

போட்டேன் என்று சொன்னேன். பிறகு நடந்தோம்.