மாட்டிடமிருந்தா, மனிதரிடமிருந்தா?

பண்ணையில் மாட்டுக்கும் கோழிக்கும் ஆன்டிபயாடிக்கை அள்ளிக் கொடுக்கிறார்கள். அங்கே மருந்துக்கு மசியாத கிருமி உருவாகிறது. இறைச்சியோடும் பாலோடும் அது மனிதர் வயிற்றுக்குள் வந்து சேர்கிறது. 1990களில் டிடி104 என்ற சால்மொனெல்லா பிரிட்டனை வாட்டியபோது பொதுவாகச் சொல்லப்பட்ட காரணம் இதுதான். கேட்டதும் நம்பத் தோன்றும். அதில் உண்மையும் இல்லாமலில்லை. ஆனால் ஸ்காட்லாந்தில் சேகரித்த கிருமிகளின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தபோது, விஷயம் அவ்வளவு நேர்க்கோட்டில் போகவில்லை என்று தெரியவந்தது.

சால்மொனெல்லாவில் 2,500க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. நமக்கெல்லாம் தெரிந்த டைபாய்டு கிருமி அவற்றில் ஒன்று. அதற்கு மனிதர் மட்டுமே இருப்பிடம். டைஃபிமூரியம் என்ற வகை அப்படியல்ல. மாடு, பன்றி, கோழி, காட்டுப் பறவை, மனிதர் என்று எந்தக் குடலிலும் குடியேறும். அதன் ஒரு கிளைதான் டிடி104. ஆம்பிசிலின், குளோராம்பெனிகால், ஸ்ட்ரெப்டோமைசின், சல்ஃபோனமைடு, டெட்ராசைக்ளின் என ஐந்து மருந்துகளை ஒருசேரத் தாங்கும் கிருமி என்று அது பேர் வாங்கியது. அந்த எதிர்ப்பு மரபணுக்கள் அதன் குரோமோசோமிலேயே பதிந்திருப்பதால், மருந்தை நிறுத்தினாலும் கிருமி அவற்றை எளிதில் கைவிடுவதில்லை.

அந்த 104 என்ற எண் பழைய முறையொன்று கொடுத்தது. வட்டத் தட்டில் அகார் என்ற வளர்ப்புக் கூழை ஊற்றி, அதன் மேல் கிருமியைப் பரப்புவார்கள். பிறகு பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்களை வகைக்கு ஒரு சொட்டாக வரிசையாக இடுவார்கள். மறுநாள் தட்டெங்கும் கிருமி மங்கலாகப் படர்ந்திருக்கும். எந்த வைரஸ் அதைக் கொன்றதோ அந்தச் சொட்டு விழுந்த இடம் மட்டும் தெளிந்து கிடக்கும். எது தெளிந்தது, எது தெளியவில்லை என்ற அமைப்பைப் பார்த்து எண் கொடுப்பார்கள். பல பத்தாண்டுகள் நோய்த் துப்பறிதலைத் தாங்கிய முறை இது, குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் கிளாஸ்கோ ஆஸ்பத்திரியில் வயிற்றுப்போக்கோடு படுத்திருப்பவரிடமும், எங்கோ ஒரு தொழுவத்தில் கழிச்சல் கண்ட கன்றுக்குட்டியிடமும் 104 என்றே வந்தால், இரண்டும் நெருங்கிய உறவா, தூரத்து உறவா என்பதை அந்தத் தட்டால் சொல்ல முடியாது.

அதைச் சொல்ல முழு மரபணுத் தொகுதியையும் படிக்க வேண்டும். இந்தக் கிருமிக்கு 48 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள். டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, துண்டு துண்டாக நறுக்கியதும் இயந்திரம் ஒவ்வொரு துண்டையும் படிக்கும். ஏற்கெனவே முழுதாகப் படித்துவைத்த ஒரு தொகுதியின் மீது கணினி அந்தத் துண்டுகளைப் பொருத்தி, எந்த இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது என்று பட்டியலிடும். டிடி104இல் இப்படி நிலைத்துவிடும் மாற்றம் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான். உ.வே.சா. போன்ற பதிப்பாசிரியர்கள் பல ஊர் ஏடுகளை ஒப்புநோக்கியதைப் போன்ற வேலை இது. இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரு மூல ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டவை என்று கொள்வோம். கிருமியிலும் பகிர்ந்துகொண்ட பிழைகளை வைத்தே வம்சாவளி மரம் வரைகிறார்கள்.

ஸ்காட்லாந்துக்கு இதில் ஒரு பெரிய வாய்ப்பு இருந்தது. ஆஸ்பத்திரிகளில் நோயாளியிடம் எடுத்த சால்மொனெல்லாவும், கால்நடை மருத்துவர்கள் விலங்குகளிடம் எடுத்த சால்மொனெல்லாவும் கிளாஸ்கோவில் உள்ள ஒரே ஒப்பீட்டு ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தன. எந்த ஆண்டு, யாரிடமிருந்து என்ற குறிப்போடு அவை சேமித்து வைக்கப்பட்டன. என்னைக் கேட்டால், இயந்திரத்தைவிட இந்தச் சேமிப்புதான் முக்கியம். இயந்திரத்தைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். போன வருடங்களின் கிருமியை எந்த விலைக்கும் வாங்க முடியாது.

1990 முதல் 2011 வரை 22 ஆண்டுகளின் சேமிப்பிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் மொத்தம் 373 டிடி104 மாதிரிகளைத் தேர்ந்து, வெல்கம் சாங்கர் நிறுவனத்தில் படித்தார்கள். ஆலிசன் மேதர் முதல் ஆசிரியராக, 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகள் வந்தன.

உள்ளூர்ப் பண்ணைதான் ஊற்றுக்கண் என்றால் மரம் எப்படி இருக்க வேண்டும்? விலங்குக் கிருமிகள் பெருங்கிளைகளாகவும், அவற்றிலிருந்து அங்கங்கே மனிதக் கிருமிகள் சிறு கொப்புகளாகவும் முளைத்திருக்க வேண்டும். வந்த மரம் அப்படி இல்லை. மனிதக் கிருமிகள் பெரும்பாலும் மனிதக் கிருமிகளோடும், விலங்குக் கிருமிகள் விலங்குக் கிருமிகளோடும் கூடியிருந்தன. ஒரு தரப்பிலிருந்து மறு தரப்புக்குத் தாவியதும் உண்டு, இரு திசையிலும் உண்டு. ஆனால் இரண்டும் தாராளமாகக் கலந்திருந்தால் எத்தனை தாவல் எதிர்பார்க்கலாமோ, அதைவிட மிகக் குறைவு.

இன்னொரு சான்று எனக்கு இதைவிட வலுவாகப் படுகிறது. மருந்து எதிர்ப்பு மரபணுக்களின் வகைகள் விலங்குகளிடம் இருந்ததைவிட மனிதரிடம் அதிகமாக இருந்தன. குறைந்த வகை உள்ள இடம், கூடுதல் வகை உள்ள இடத்துக்கு முதன்மையான ஊற்றாக இருப்பது கடினம்.

இதை வைத்து, பண்ணைக்காரர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் ஆன்டிபயாடிக் கொடுக்கலாம் என்று யாராவது பேசினால் அது ஆய்வைத் திரிப்பதாகும். படித்தது முக்கியமாக ஒரு நாட்டில், ஒரு கிளையை. விலங்கு மாதிரிகள் பெரும்பாலும் ஸ்காட்லாந்து விலங்குகளுடையவை. அந்த மக்கள் உண்பதோ வெளியிலிருந்து இறக்குமதியாகும் உணவையும் சேர்த்து. வெளிநாடு போய்த் தொற்றோடு திரும்புகிறவர்களும் உண்டு. மனிதரிடம் கண்ட கூடுதல் வகைகள் அந்த வழிகளில் வந்திருக்கலாம். ஆய்வு சொல்வது இவ்வளவுதான்: உள்ளூர்த் தொழுவத்தில் மட்டும் கட்டுப்பாடு போட்டுவிட்டு, மனிதர் பக்கத்தில் மருந்து எதிர்ப்பு தானாகக் குறையும் என்று காத்திருக்க முடியாது. ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதும் மருந்தையும் இறக்குமதி உணவையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும்.

படிக்கும் செலவு சரிந்ததும், ஆராய்ச்சியாக இருந்தது அன்றாட வேலையாயிற்று. இங்கிலாந்தில் பொதுச் சுகாதாரத் துறை 2014 முதல் தனக்கு வரும் சால்மொனெல்லாக்களின் முழு மரபணுவை வழக்கமாகவே படிக்கத் தொடங்கியது. அந்த ஆண்டே அதற்கு ஒரு சோதனை வந்தது. என்டரிடிடிஸ் என்ற வகை பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரியா எனப் பல நாடுகளில் பலரை வீழ்த்தியது. நோயாளிகளின் கிருமியையும் முட்டை விநியோகப் பாதையில் எடுத்த கிருமியையும் ஒப்பிட்டபோது, தடயம் ஜெர்மனியில் உள்ள ஒரு முட்டை உற்பத்தியாளரிடம் போய் நின்றது. இங்கே விலங்குப் பக்கம்தான் ஊற்று என்பதில் ஐயமே இல்லை. மரத்தின் கிளைகள் முட்டைகள் எந்த வழியாக எந்த ஊருக்குப் போயின என்ற விநியோக வலையோடும் ஒத்துப்போயின.